கடலுக்கு ஒரு ராத்திரி கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காங்கேயத்தில் டூரிஸ்ட் பஸ் ஓட்டுகிறேன். 22 வருஷமாக ஸ்டீயரிங் பிடித்த கை, பேனா பிடித்துப் பழக்கமில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுத்திருக்கிறாள். அப்படியும் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

போன வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒரு பெற்றோர் எழுதியிருந்தார். பள்ளிப் பிள்ளைகளைப் படகில் ஏற்றவே கூடாது, கடல் பார்க்கக் கூட்டிப்போகிறோம் என்று யாரும் கிளம்பக் கூடாது, அரசு தடை போட வேண்டும் என்று. வதோதராவில் ஏரியில் படகு கவிழ்ந்ததைச் சொல்லியிருந்தார். 2024 ஜனவரி 18. 12 பிள்ளைகள், 2 டீச்சர்கள். எனக்கும் அந்தத் தேதி மறக்காது. அன்றைக்கு ஒரு பள்ளியை ஊட்டிக்குக் கூட்டிப்போய், ஏரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பர்லியாரில் டீக்கு நிறுத்தியபோது கடை டீவியில் செய்தி ஓடியது. வண்டியில் ஏறினால், பாட்டுப் போடச் சொல்லிப் பிள்ளைகள் கத்துகிறார்கள். நான் போடவில்லை. மேட்டுப்பாளையம் வரும்வரை ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஆக, அந்தப் பெற்றோரின் பயம் எனக்குப் புரிகிறது. அவர் கேட்கிற மருந்துதான் ஒப்பவில்லை. பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகிற பயணத்தில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது அவரைவிட எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன். படகில் இருப்பதைவிட அது என் சீட்டில் அதிகமாக இருக்கிறது.

விவரமாகச் சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தனியார் பள்ளி. பேர் வேண்டாம், இன்றைக்கும் எனக்கு வாடகை கொடுக்கிறவர்கள். ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் சேர்ந்து 52 பிள்ளைகள். வண்டியின் முன்னால் 'கடல்வாழ் உயிரினக் கல்விச் சுற்றுலா' என்று பேனர் கட்டினார்கள். ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினோம். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் என்று 300 கிலோமீட்டருக்கு மேல். வெடியால ராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்தில் குளியல், கோயில், 22 தீர்த்தம், இட்லி, அப்புறம் தனுஷ்கோடி, அங்கே மணலில் ஒரு மணி நேரம், திரும்பி வந்து எலுமிச்சைச் சோறு. பேனரில் போட்டிருந்த கடலுக்கு வந்து சேரும்போது மத்தியானம் ஒன்றரை மணி.

ராத்திரி முச்சூடும் தூங்காத பிள்ளைகள். வயிறு முட்டச் சோறு. உச்சி வெயில். காற்று ஏறிவிட்டது, கடல் குதிக்கிறது. லைஃப் ஜாக்கெட் என்று கொடுத்தது எல்லாம் பெரியவர்கள் அளவு. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் போட்டுக்கொண்டு நின்றான், மூக்குவரை வந்தது. தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் மட்டும் என் கையோடு வந்தது, பையன் தரையிலேயே நின்றான். தண்ணீரில் விழுந்தாலும் அதேதான் நடக்கும். படகுக்காரரிடம் சொன்னேன். "வண்டிய நீங்க பாருங்க, படக நாங்க பாத்துக்கிறோம்" என்றார். டீச்சர் ஒருவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நேரமாகிவிட்டது அவருக்கு.

இருபது நிமிஷத்தில் திரும்பினார்கள். பாதிப் பேர் வாந்தி. வண்டியில் ஏறிய ஒரு பாப்பாவிடம், "என்ன கண்ணு பார்த்தே?" என்று கேட்டேன். "தண்ணிதானுங்க மாமா. கலங்கலா இருந்துச்சு" என்றாள்.

சாயந்திரம் 6 மணிக்குத் திரும்பக் கிளம்பினோம். முதல் நாள் ராத்திரி 10 மணியிலிருந்து கணக்குப் பார்த்தால், பகலில் வண்டிக்கடியில் பாய் விரித்து இரண்டு மணி நேரம் படுத்ததைத் தவிர நான் தூங்கவில்லை. வாடிப்பட்டி தாண்டி ஓரிடத்தில் கண் ஒரு நொடி மூடித் திறந்தது. முன்னால் லாரியின் சிவப்பு விளக்கு இரண்டும் நாலாகத் தெரிந்தன. பிரேக்கை மிதித்ததில் பிள்ளைகள் யாரும் விழிக்கக்கூட இல்லை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பள்ளிக்கும் தெரியாது, என் வீட்டிலும் தெரியாது. மகள் இந்தக் கடிதத்தைத் திருத்தும்போதுதான் தெரிந்துகொள்கிறாள்.

1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று வைத்தது. நல்ல சட்டம். சொந்த வண்டிக்காரனுக்கு யார் மணி பார்ப்பது? ஒரு ராத்திரி தங்கும் செலவை மிச்சம் பிடிக்கப் பள்ளி நினைக்கிறது. நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த வண்டிக்காரர் ஒத்துக்கொள்வார். நானும் ஒத்துக்கொண்டேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

படகில் இருபது நிமிஷம். ரோட்டில் இரண்டு ராத்திரி. தடை கேட்கிற பெற்றோர், அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவரே யோசிக்கட்டும்.

சரி, இனி போன தை மாதக் கதை.

வெள்ளகோவில் பக்கம் ஒரு அரசுப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு, 34 பிள்ளைகள். உயிரியல் எடுக்கிற டீச்சர் வாடகை பேச நேரில் வந்தார். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, ராத்திரி 10 மணியிலிருந்து காலை 5 மணி வரைக்கும் வண்டி ஓடக் கூடாது. அப்படி வருவீங்களா?" 22 வருஷத்தில் இப்படி ஒருவர் கேட்டதில்லை. வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்துக்கொண்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அன்றைக்கு அப்படித் தோன்றியது.

தங்குவதற்கு ஆளுக்கு 300 ரூபாய் கூடுதலாகும் என்று பெற்றோர் கூட்டத்தில் பெரிய பழமை ஓடியதாம். தறிக்குப் போகிற வீடுகள், களத்தில் தேங்காய் பருப்பு காய வைக்கிற வீடுகள். பணத்தைவிடப் பெண் பிள்ளைகளை வெளியூரில் தங்க வைப்பதுதான் பேச்சு. டீச்சர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "ராத்திரி பஸ்ஸில் போனாலும் அதே பிள்ளைகள் வெளியேதான் இருக்காங்க. கதவும் தாழ்ப்பாளும் இருக்கிற இடத்தில் இருக்கட்டுமே." மூன்று பெண் ஆசிரியர்கள் கூட வந்தார்கள். சத்துணவுக் கூடத்து அம்மாவும் வந்தார், அண்டாவோடு. அரிசியும் பருப்பும் வீடுகளிலிருந்தே வந்துவிட்டன. ராமநாதபுரம் தாண்டி ஒரு சின்னக் கல்யாண மண்டபம். பிள்ளைகளுக்கு ராத்திரி அரிசிம்பருப்பு சாதம். கடலோரத்தில் கத்தரிக்காய் கடைசலோடு அரிசிம்பருப்பு சாப்பிட்ட முதல் கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம்.

காலையில் 6 மணிக்குக் கிளம்பி, மத்தியானம் இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மண்டபம் முகாம் என்கிற ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதன் தலைமையகமே 1949 முதல் 1971 வரை அங்கேதான் இருந்தது, அப்புறம்தான் கொச்சிக்குப் போனது என்று டீச்சர் சொன்னார். இத்தனை வருஷம் அந்த வாசலைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன், ஒரு தடவை ஹார்ன் அடித்ததோடு சரி. உள்ளே மீன் காட்சியகம் பார்த்துவிட்டு, பொழுதோடு கரைக்குப் போனோம். தண்ணீர் வற்றியிருந்தது.

அங்கே பாசி எடுக்கிற அம்மா ஒருவர் பிள்ளைகளோடு பேச வந்திருந்தார். டீச்சர் முன்னமே சொல்லி வைத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி, பாறையில் வளர்கிற பாசியைக் கையால் கிள்ளி எடுக்கிற வேலை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்களாம். அப்படியும் விரல் முழுக்கத் தழும்பு. ஒரு பாசியைக் காட்டி, "இது மரிக்கொழுந்து" என்றார். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நம்மூரில் மரிக்கொழுந்து தலையில் வைப்பது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இதைக் காய்ச்சித்தான் நீங்கள் தின்கிற கடல்பாசி இனிப்புக்குப் பசை எடுக்கிறார்கள் என்றார். அப்புறம் இன்னொன்று, பழுப்பாக, தடியாக. கட்டக்கோரையாம். "இது துணிக்குச் சாயம் அச்சடிக்கிற பசைக்குப் போவுது" என்றார்.

பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "எங்கப்பா திருப்பூர்ல பிரிண்டிங்லதானுங்க இருக்காரு" என்றான்.

"அப்ப உங்கப்பா கைல இருக்கிறது எங்க கடலு" என்றார் அந்த அம்மா.

பிரிண்டிங் பட்டறையில் ஆல்ஜினேட் என்று ஒரு பவுடர் கலப்பார்கள். வண்ணம் ஓடாமல் நிற்க அந்தக் கூழ் வேண்டும். அது இந்த மாதிரிப் பாசியிலிருந்து வருவது என்று டீச்சர் விளக்கினார். நான் திருப்பூருக்கு எத்தனை லோடு அடித்திருப்பேன், எனக்கும் தெரியாது. அந்தப் பையன் அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் போட்டு அப்பாவிடம் அதைத்தான் சொன்னான். சாப்பிட்டாயா என்று அந்தப் பக்கம் கேட்பது எனக்கும் கேட்டது. இவன் பாசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

இந்த ஒரு மணி நேரம், ஒரே நாளில் போய்வருகிற கூட்டத்துக்குக் கிடைக்காது. சாயந்திரம் ஆறு மணிக்கு அவர்கள் வண்டியில் ஏறியிருப்பார்கள்.

ராத்திரி நான் 8 மணி நேரம் தூங்கினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் காலை படகு. சாதாரணமாக டிரைவர் ஏறுவதில்லை. நாங்கள் பார்க்காத ஊர் கிடையாது, பார்த்த ஊரும் கிடையாது. ராமேஸ்வரத்துக்கு எழுபது தடவையாவது வந்திருப்பேன், கோயிலுக்குள் போனது மூன்று தடவை. படகில் ஏறியதே இல்லை. "அண்ணா, ஒரு இடம் காலியா இருக்கு, வாங்க" என்று டீச்சர் கூப்பிட்டபோது வண்டியைக் காரணம் சொல்லிப் பார்த்தேன். உண்மையில் எனக்கு நீச்சல் தெரியாது. நம்மூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கீழ்பவானி வாய்க்காலிலும் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலிலும் வருஷா வருஷம் பிள்ளைகளை இழக்கிறோம், அதற்கு வாய்க்காலைத் தடை செய்யச் சொல்லி யாரும் எழுதுவதில்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்கச் சொல்லியும் எழுதுவதில்லை.

கிளம்பும் நேரத்தைப் படகுக்காரர் முந்தின நாளே சொல்லிவிட்டார். எட்டரை. ஏன் விடிந்ததும் போகக் கூடாது என்று கேட்டேன். "வெயில் கொஞ்சம் ஏறணும், காத்து ஏறக் கூடாது" என்றார். வெயில் சாய்வாக இருந்தால் தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காது. பதினொன்றரைக்கு மேல் போனால் காற்று வந்து கலக்கிவிடும். இடையில் இருப்பது மூன்று மணி நேரம். கடலின் பீரியடு அது. பள்ளிக்கூடத்துப் பெல்லுக்கு அது வராது. அதே மாதிரி மாசமும். அந்த ஊரில் கடல் இரண்டு. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்கிறார்கள், தெற்கே இருப்பது ஆண் கடல். வாடைக் காலத்தில் தெற்கு அடங்கியிருக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசினால் தெற்கு குதிக்கும், வடக்கு படுத்திருக்கும். பவளப்பாறை தெற்கே, மன்னார் வளைகுடாவில். தையில் போனது அதற்காகத்தான்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் டீச்சர் செய்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். ஒரு வாரத்துக்கு முன்பே 34 பிள்ளைகளின் எடையையும் எழுதிப் படகுக்காரருக்கு அனுப்பியிருக்கிறார். சின்ன அளவு பத்து தனியாகக் கட்டி வைத்திருந்தார்கள். காலிடுக்கில் போடுகிற பட்டையோடு. ஒவ்வொருத்தரையும் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள், நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்த மாதிரியே. இந்தத் தடவை பிள்ளையும் சேர்ந்து வந்தது.

ஒரு படகுக்குப் பன்னிரண்டு பேர், அதற்கு மேல் இல்லை. மூன்று நடை. ஏறியதும் படகுக்காரர் சொன்னார்: "ஆமை தெரியுது, ஓங்கி தெரியுதுன்னு ஒருத்தன் கத்துவான். அப்ப எல்லாரும் அந்தப் பக்கம் எந்திரிச்சா என் படகு சாயும். கத்துறவன் கத்தட்டும், நீங்க உக்காந்துருங்க." ஓங்கி என்றால் டால்பின். எனக்குத் தேக்கடிப் படகு விபத்து ஞாபகம் வந்தது. 2009 செப்டம்பர் 30, 45 பேர் போனார்கள். மிருகத்தைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் போனதும் ஒரு காரணம் என்றுதான் அப்போது பேசிக்கொண்டோம். பிள்ளைகள் பொட்டாட்டம் உட்கார்ந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அப்படி உட்கார்ந்து நான் கண்ணாடியில் பார்த்ததே இல்லை.

படகின் நடுவில், தரையில் கண்ணாடி. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் மணல், அப்புறம் ஒரு புல்வெளி. கடலுக்கு அடியில் புல். நம்மூர்க் கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், மழை பெய்து இருபதாம் நாள் கொழுக்கட்டைப் புல் நிற்குமே, அந்த மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது. பாசி வேறு, இது வேறு, இதற்கு வேரும் உண்டு பூவும் உண்டு என்றார் டீச்சர். கடல் பசு மேய்கிற புல் அதுதான். ஆவுளியா என்கிறார்கள் அங்கே. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ தின்னுமாம். பதின்மூன்று மாதத்துக்கு மேல் சுமந்து ஒரு கன்று போடும், அடுத்த கன்றுக்குப் பல வருஷம். எங்களுக்குக் காணக் கிடைக்கவில்லை, படகுக்காரரே வாழ்நாளில் சில தடவைதான் உயிரோடு பார்த்திருக்கிறாராம்.

காளை வளர்க்கிற வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அதுக்குக் காடு மாத்திக் காடு மேய விடுவாங்களா, ஒரே காட்டுலயே மேயுமா?"

சிரிக்கிற கேள்வி மாதிரி இருந்தது. படகுக்காரர் சிரிக்கவில்லை. மடி வலை போட்டு அரிக்கிற இடத்தில் புல் வேரோடு போய்விடுகிறது, அங்கே அது வராது, வேறு காடு தேடிப் போகும், காடு தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது என்றார். இதற்காக 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுவுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள் என்று டீச்சர் சேர்த்துச் சொன்னார். அந்தப் பெண் நோட்டில் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'கடலில் கொரங்காடு' என்று தலைப்பு. கீழே கிளுவை வேலி இல்லாத ஒரு காடு படம் போட்டிருந்தாள்.

அப்புறம் பாறை. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூளை மாதிரி ஒன்று, மான் கொம்பு மாதிரி ஒன்று, முட்டைக்கோஸ் விரித்த மாதிரி ஒன்று. நடுவில் நீலமும் பச்சையுமாகக் கிளிமீன் கூட்டம். பாறையைக் கொறிக்கிறது, எங்களைக் கண்டு பயப்படவில்லை. முள்ளம்பன்றியை உருண்டையாக்கின மாதிரி கடல் முள்ளெலி. நான் இத்தனை நாள் பவளம் என்றால் கல் என்று நினைத்திருந்தேன். மோதிரத்தில் வைக்கிற சிவப்புதானே. அது பிராணியாம். கடுகளவும் மிளகளவுமாக லட்சக்கணக்கான பிராணி சேர்ந்து கட்டிய வீடாம். உள்ளே நுண்பாசி ஒன்று குடியிருந்து சமைத்துப் போடுகிறது, நிறமும் அதனுடையதுதான். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் கொதித்தால் குடியிருப்பவரை வெளியே தள்ளிவிடுமாம், அப்புறம் வெளுத்துப் பட்டினி. 2010-லும் 2016-லும் அப்படி நிறையச் செத்துப்போனது. செத்த இடத்தையும் கண்ணாடியில் காட்டினார். சாம்பல் நிறம், ஒரு மீன் இல்லை. படகில் யாரும் பேசவில்லை.

படகுக்காரரின் அப்பா அந்தக் காலத்தில் பவளப்பாறையை வெட்டி வள்ளத்தில் ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொடுத்தவர். அதை அவரே சொன்னார். தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, அதில் இரண்டு தண்ணீருக்குள் போய்விட்டன, பாறையை வெட்டியதால்தான் என்கிறார்கள். "எங்கப்பாவும் நாலு வள்ளம் வெட்டியிருப்பாரு" என்றார். நம்மூரில் குளத்து மண் அள்ளினவர் யாராவது பிள்ளைகள் முன்னால் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கரையேறியதும் ஒரு பையன் பாக்கெட்டிலிருந்து வெள்ளைப் பவளத் துண்டு ஒன்றை எடுத்துக் காட்டினான். மணலில் கிடந்ததாம். படகுக்காரர் வாங்கிக் கடலில் போட்டார். சட்டப்படி அது புலி நகம் வைத்திருப்பதற்குச் சமம், இரண்டும் ஒரே பட்டியல் என்றார். பையன் முகம் வாடிப்போனது. டீச்சர் அவனைச் சமாதானம் செய்ய ஒரு கதை சொன்னார். நம் நொய்யல் கரையில், சென்னிமலை பக்கம் கொடுமணலில் தோண்டியபோது சங்கு வளையல்கள் கிடைத்தன. 2,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே சங்கு அறுத்து வளையல் செய்திருக்கிறார்கள். சங்கு நொய்யலில் விளையாது, கடலிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் வளையலைப் பற்றிக் கேட்டார்கள். எனக்கு வண்டியைப் பற்றித்தான் யோசனை. எந்த வழியாக வந்திருப்பான், எத்தனை மாடு, எந்தெந்த ஊரில் அவிழ்த்துவிட்டுத் தங்கியிருப்பான். ஒரே ராத்திரியில் வந்திருக்க மாட்டான், அது நிச்சயம்.

மத்தியானம் 12 மணிக்குக் கிளம்பி, ராத்திரி ஒன்பதரைக்குள் பிள்ளைகள் எல்லாம் வீடு சேர்ந்துவிட்டார்கள். பாம்பன் பாலத்தைப் பார்க்கப் போகவில்லை என்று ஒரு டீச்சருக்கு மட்டும் வருத்தம். பழைய பாலம் 1914-ல் திறந்தது, புதிது 2025-ல் வந்தது, புதிது எங்கும் போய்விடாது என்று சமாதானம் சொன்னேன். ராமேஸ்வரம் கோயிலுக்கும் போகவில்லை. அது சில பெற்றோருக்குக் குறைதான். இரண்டையும் ஒரே நாளில் திணிப்பதால்தான் இரண்டுமே கெடுகிறது என்பது என் அபிப்பிராயம். கோயிலுக்கு இன்னொரு நாள் குடும்பத்தோடு போகலாம், நானே வண்டி எடுக்கிறேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சுற்றுலாவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரிகள், படகு உண்டா இல்லையா என்று கேட்பதோடு நிறுத்தாமல், ராத்திரி வண்டி ஓடுகிறதா, பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள், டிரைவர் எங்கே தூங்குகிறார் என்று கேட்கட்டும். படகு எத்தனை மணிக்கு என்று கேட்கட்டும். மத்தியானம் என்றால் திருப்பி அனுப்பட்டும். பிள்ளைகளின் எடையும் அதற்கேற்ற ஜாக்கெட்டும் இருக்கிறதா என்று ஒரு காகிதம் கேட்டால் போதும். முடியாத பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளத்தைப் பார்த்துவிட்டு வரட்டும், அதிலும் நிறைய இருக்கிறது. 300 ரூபாய் புரட்ட முடியாத பிள்ளைகளுக்கு ஊரில் யாராவது கொடுப்பார்கள். காங்கேயத்திலும் வெள்ளகோவிலிலும் அன்னதானத்துக்குக் கொடுக்கிற கை இருக்கிறது, அந்தக் கையிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வருகிற தை மாதத்துக்கு இரண்டு பள்ளிக்காரர்கள் கேட்டு வந்தார்கள். ஒன்று அதே அரசுப் பள்ளி, இந்தத் தடவை எட்டாம் வகுப்பு, தங்கக் கல்யாண மண்டபம் சொல்லி வைத்தாகிவிட்டது. இன்னொன்று வழக்கம் போல ராத்திரி பத்துக்கு ஏற்றி மறுநாள் ராத்திரி இறக்கச் சொன்னார்கள். என்னால் முடியாது என்று சொன்னேன். வேறு வண்டி பேசிவிட்டார்கள். அந்த வண்டியின் டிரைவர் எனக்குத் தெரிந்தவர்தான், நல்ல மனிதர், ஐம்பத்தாறு வயது. கிளம்பும் முன் ஒரு நாள் பார்த்துப் பேச வேண்டும்.

பெயர் போட வேண்டாம். பிழைப்பு பள்ளிகளை வைத்துத்தான்.

இப்படிக்கு,
டூரிஸ்ட் பஸ் டிரைவர்,
காங்கேயம்.